தூசி என்று கூப்பிடுங்கள்

கதவைத் திறப்பதற்கு முன் தூசி மூன்று முறை மோந்து பார்ப்பார். ஈரச் சாம்பல் வாடை இல்லை என்றால்தான் தாழ்ப்பாளில் கை வைப்பார். பட்டப்பகல் பதினொரு மணிக்கும் இதே கூத்துதான்.

தொழில் மந்திரம். எங்கள் குடியிருப்பில் ஒழுகாத குழாய் கிடையாது. இவர் குழாயைத் தட்டி, ரகசியம் பேசுவதுபோல் ஏதோ முணுமுணுப்பார், ஒழுகல் நின்றுவிடும். மற்ற மந்திரவாதிகள் இடி, புயல் என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு மார்தட்டுகிறார்கள். இவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் தூசி. ஏன் என்று கேட்டேன்.

"தூசிய யாருங்க தேடிக்கிட்டு வருவா?"

சிரிக்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

இருபது வயதில், வாய்க்கொழுப்பில், கூப்பிடக்கூடாத ஒன்றைக் கூப்பிட்டிருக்கிறார். அது பெயர் கேட்டது. "நானும் பெரிய இவன் மாதிரி முழுப்பேரையும் சொல்லித் தொலைச்சேன்." அன்றிலிருந்து யாராவது அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னால் அது ஓரிடம் நெருங்கி வரும். முதலில் தெருமுனை. பிறகு கேட். பிறகு மாடிப்படி. இதையெல்லாம் நம்பாத அவருடைய அண்ணன் போன மாதம் வந்து, ஏதோ சண்டையில் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார். இப்போது அது கதவுவரை வந்து வந்து போகிறது; ஈரச் சாம்பல் வாடை அடித்தால் வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

"இன்னும் ஒரே ஒரு தடவ. அப்புறம் உள்ளதான்."

பெயர் இருந்த சான்றிதழ்களில் மையை ஊற்றினார். கடிதங்களை எரித்தார். அதற்குள் மகள் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள். சோப்பு உறையோ மருந்துச் சீட்டோ, எது கிடைத்தாலும் உரக்கப் படிப்பாள். பிள்ளை படிக்கிறதே என்று எந்த அப்பனாவது நடுங்குவானா? இவர் நடுங்குகிறார். பார்க்கவே பாவமாக இருந்தது.

நான் இருக்கும்போதே அவள் அடுக்களையிலிருந்து, அவர் பள்ளிக்குச் சோறு கொண்டுபோன பழைய எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள்.

"அப்பா, இதுக்கு அடியில ஏதோ வெட்டியிருக்கு."

என் மடியில் அதைக் கவிழ்த்து வைத்து, முதல் எழுத்தில் விரல் வைத்தாள். அந்த ஓர் எழுத்தைச் சொன்னதுதான் தாமதம், தாழ்ப்பாள் மெல்ல ஆடியது. ஈரச் சாம்பல் வாடை எனக்கே அடித்தது.

தூசி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். தாழ்ப்பாள் நின்றது. அப்புறம்தான் என்னையும் என் மடியில் கிடந்த டப்பாவையும் பார்த்தார். அதற்குள் நான் கடைசி எழுத்துவரை மனதுக்குள் படித்துவிட்டிருந்தேன்.

மகளின் வாயிலிருந்து கையை எடுக்காமலே, மறு கையை நீட்டி என் வாயையும் பொத்தினார்.