ஏக்கருக்கு எத்தனை பரப்பு

காலை ஒன்பதரைக்குக் கொம்பனியின் கணக்குக் கிளாக்கர் வந்தார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, என் மகனிடம் டீசல் பரலின் பூட்டுத் திறப்பை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் வேலியில் சைக்கிள் உரசினால் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

மகன் அக்கராயனில் உழவு மெசின் ஓட்டினான். முல்லைத்தீவு முதலாளி ஒரே மெசினுடன் தொடங்கிய கொம்பனி, அப்போது தண்ணீரூற்று உட்பட மூன்று ஊர்களில் ஓடியது. எங்கள் பக்கம் காணியை அளப்பது பரப்பில். எத்தனை பரப்பு உழுதது, எவ்வளவு டீசல் முடிந்தது என்று கிழமைக்கொரு கணக்குத் துண்டு ஒவ்வொரு ஊரிலிருந்தும் போகும்.

"தண்ணீரூற்றுப் பெடியன் ரெண்டு பரலிலை உழுகிற பரப்புக்கு உங்கட மகனுக்கு மூண்டு பரல் வேணுமாம், அக்கா. குடிக்கிறது மெசினோ, இவரோ?"

"மண் இறுக்கம்," என்றான் மகன்.

"முதலாளி நாளைக்கு வாறார். பொலிசுக்குச் சொல்லுறதோ இல்லையோ எண்டு அவர் பாப்பார்."

கிளாக்கர் போனபின் என் கண் மகனின் புதுக் கைமணிக்கூட்டில் நின்றது. பக்கத்துக் காணியில் தண்ணீர்ப் பம்பு இரைந்தபோது, அதில் எரிவது யாருடைய டீசல் என்று யோசித்தேன். அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மணந்து பார்த்தேன்; டீசல். மெசின் ஓட்டுகிறவனின் சட்டை வேறென்ன மணக்கும்?

"என்னம்மா, நீங்களும் கள்ளன் பிடிக்கப் பாக்கிறியளோ?" என்றான். சட்டையைப் பறித்துக்கொண்டு வெளியே போனான்.

அடுத்தநாள் பின்னேரம் முதலாளி கிளாக்கரோடு ஜீப்பில் வந்தார். நான் போட்ட கதிரையில் இருக்கவில்லை. நேரே உழுத வயலுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

"இது எவ்வளவு, தம்பி?"

"ரெண்டு ஏக்கர், முதலாளி."

"துண்டிலை எத்தினை பரப்பு எழுதினீர்?"

"முப்பத்திரண்டு."

கிளாக்கர் கனைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. சின்னனிலை நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான். யாழ்ப்பாணத்திலை எங்கட தோட்டத்துக்கு அதுதான் கணக்கு."

"என்ன தோட்டம்?"

"புகையிலை."

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அது மேட்டுக்காணிக்கு உரிய வரகுப் பரப்பு, தங்கச்சி. தண்ணீரூற்றிலை எழுதுறது வயலுக்கு உரிய நெல்லுப் பரப்பு. அது சின்னன், ஏக்கருக்கு இருபத்துநாலு. இந்த ரெண்டு ஏக்கரை அங்கை நாப்பத்தெட்டெண்டு எழுதுவினம்." கிளாக்கர் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் ஒண்டெண்டு வைச்சுக் கள்ளன் பிடிச்சிருக்கிறீர். இனி மூண்டு ஊரும் ஏக்கரிலைதான் எழுதோணும். பரப்பெண்டு ஒரு துண்டும் என்னட்டை வரப்படாது. முதல்லை அந்தத் திறப்பைத் தம்பியிட்டைக் குடும்."