லில்லியின் கார்

பேய், ஆவி இந்த வகையறா எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்போயில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். சாமான் அலமாரியில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, நடுவில் வேறு கதை கிடையாது. ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த காலத்தில்கூட, பால்மரக் காட்டில் வெள்ளைச் சேலையைப் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால், எத்தனை கிளாஸ் போட்டாய் என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இப்போது அதே கேள்வியை நீங்கள் என்னிடம் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். நான் குடிப்பதில்லை. அன்றைக்கு மத்தியானம் ரொட்டியும் கோப்பியும்தான் உள்ளே போயிருந்தது.

விஷயம் ஒரு காரைப் பற்றியது. என் மனைவி லில்லியின் கார். பத்திரத்தில் என் பெயர்தான் இருந்தது, ஆனால் ஓட்டுவது அவள்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஜொகூரில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் மேலும் கீழும் பார்ப்பார்கள், பழகிவிட்டது. இளவயதில் இரண்டு முறை லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனேன், இரண்டு முறையும் மேட்டில் நிறுத்திய காரைப் பின்னால் உருட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை நான் போகவில்லை, லில்லி போனாள், ஒரே தடவையில் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவள் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்து சீட்டில். வேலைக்குப் போவது, மாதா கோயிலில் பூசைக்குப் போவது, மகளைப் பள்ளியில் இறக்குவது, சிரம்பான் கல்யாணம், எல்லாம் அப்படித்தான். வழியில் ஆயர் ஈத்தாமில் நிறுத்தி ஒரு பூந்தொட்டியாவது வாங்காமல் வரமாட்டாள், அதை மடியில் வைத்துக்கொண்டு வருவது என் வேலை.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பக்கவாதம், மூன்று நாள் ஆஸ்பத்திரி, முடிந்தது. மகள் ஜெசிந்தா மெல்பர்னிலிருந்து வந்து எல்லாம் செய்துவிட்டுப் போகும்போது காரை விற்றுவிடச் சொன்னாள். நான் விற்கவில்லை. தினமும் சாயங்காலம் போர்ச்சில் நிற்கும் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து என் சீட்டில் உட்காருவேன். அங்கிருந்தே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ரேடியோவையும் போட்டுக்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டிருப்பேன். இதை ஆவி நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குள் பேசினால் சுவரிடம் பேசுவதுபோல் இருந்தது, காரில் அப்படி இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வருஷக் கடைசி மழை வந்தது. நாலு நாள் விடாத மழை, ஐந்தாம் நாள் காலை ஆறரைக்கு எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டு மேட்டுக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டு ரஹிம் தன் காரை மேட்டில் விட்டுவிட்டு, முட்டித் தண்ணீரில் திரும்பி நடந்து வந்து என் கேட்டைத் தட்டினார்.

“அங்கிள்! கெரெத்தா! கெரெத்தா!” என்று என் காரைக் காட்டிக் கத்திக்கொண்டே சாவிக்குக் கையை நீட்டினார்.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நல்ல மனிதர், எனக்காகத் திரும்பி வந்தவர். ஆனால் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்து, அவள் முன்னால் இழுத்து வைத்திருந்ததைப் பின்னால் தள்ளி, அவள் வைத்த கண்ணாடியைத் திருப்பி, இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் என் மனசில் ஓடியது. சாவியைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், பொய்தான் சொன்னேன். மத்தியானம் தண்ணீர் ஸ்டீயரிங்கின் அடிவரை ஏறிவிட்டது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் தம்போயில் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் போமன் சேகர் காரை இழுத்துக்கொண்டு போனான். லில்லியின் காலத்திலிருந்தே இந்தக் காரைப் பார்ப்பவன் அவன்தான். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் காயப்போட்டு, கார்பெட்டைப் பிய்த்து எறிந்து, நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

“அங்கிள், தண்ணிக்குள்ள யாரும் ஸ்டார்ட் பண்ணிப் பாக்காததால இஞ்சின் பொழைக்கும். ஒயரிங் பூரா மாத்தணும். சீட் பெல்ட்டும் மாத்தணும், இந்தப் பூட்டுல சேறு போயி காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு, பாருங்க.” பெல்ட்டின் இரும்பு நாக்கை எடுத்துப் பூட்டில் குத்திக் காட்டினான். போகவில்லை. என்னையும் குத்திப் பார்க்கச் சொன்னான், இரண்டு பக்கமும் பார்த்தேன், நுனிகூட நுழையவில்லை. “செய்யலாம் லா, ஆனா பழைய மாதிரி வரும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் முடிவு பண்ணணும்.”

லில்லி வெள்ளத்துக்கும் சேர்த்துத்தான் இன்சூரன்ஸ் எடுத்து வந்தாள், நானும் அதை விடவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டால் பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம், இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொண்டு சரிசெய்துகொள்ளுங்கள் என்றார்கள். கையெழுத்துப் போட்டால் கார் உடைப்பதற்குப் போகும். பத்து நாள் அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது.

ஜெசிந்தா போனில் சத்தம் போட்டாள். “ப்பா, உங்களுக்கு ஓட்டவே தெரியாது. அந்தக் காரை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“உக்காரப் போறேன்” என்றேன்.

“உக்காரதுக்கு சோபா இருக்குல்லப்பா” என்றவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் வைக்கும்வரை நானும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் இன்சூரன்ஸிலிருந்து, நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டறைக்கு லாரியோடு ஆள் வருவார், கொடுப்பதா வேண்டாமா என்று அவரிடமே சொல்லிவிடுங்கள் என்று தகவல் வந்தது. அன்று சாயங்காலம் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போனேன். காரணம் குருத்தோலை. குருத்தோலை ஞாயிறு அன்று சாமியார் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை லில்லி சிலுவையாக மடித்து, ஓட்டுபவர் தலைக்கு மேல் இருக்கும் வெயில் மறைப்பில் செருகி வைப்பாள். அதைக் குப்பையில் போடக்கூடாது. தவக்காலத்துக்கு முன்னால் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை எரித்துத்தான் சாம்பல் புதன் அன்று நெற்றியில் பூசுவார்கள். அவள் கடைசியாகச் செருகியதை நான் இரண்டு வருஷமாகக் கொடுக்காமல் வைத்திருந்தேன். கார் போனாலும் இருந்தாலும் மந்திரித்த ஓலையை உடைசல் கிடங்குக்கு அனுப்ப முடியாது.

நான் போய்ச் சேரும்போது நல்ல மழை. பட்டறையில் சேகர் மட்டும் இருந்தான். “உக்காருங்க அங்கிள், முன்னாடி கடையில தே வாங்கிட்டு வந்துர்றேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு போனான்.

சீட்டுகளைத் திரும்ப மாட்டியிருந்தான். பேட்டரியைக் கழற்றி ஒரு பலகைமேல் வைத்திருந்தான், அதை என் கண்ணால் பார்த்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, எட்டிக் குருத்தோலையை எடுத்துப் பையில் வைத்தேன். சாரல் அடிக்கிறதே என்று கதவைச் சாத்தினேன். உள்ளே ஆற்றுச் சேற்று நாற்றம். தகரக் கூரைமேல் மழை கொட்டியதில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல அவளிடம் பேசினேன்.

“லில்லி, ரஹிம் கேட்டப்ப சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. கொடுத்திருந்தா உன் காருக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நான்தான் கெடுத்தேன். இப்ப நீயே சொல்லு, வச்சுக்கட்டுமா, விட்டுடட்டுமா?”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. சத்தியமாகத் தூங்கவில்லை, கன்னத்தில் கண்ணீர் வழிவது தெரிந்துகொண்டிருந்தது.

வலப்பக்கம் டக்கென்று ஒரு சத்தம்.

இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் பெல்ட் போட மறக்கிறவன். மறதியா, சோம்பேறித்தனமா தெரியாது, நானாகப் போட்டதே கிடையாது. அதனால் லில்லி முதலில் தன் பெல்ட்டைப் போடுவாள், பிறகு என் பக்கம் சாய்ந்து என் பெல்ட்டை இழுத்து மாட்டுவாள், மாட்டிவிட்டு “போலாமா?” என்று கேட்பாள். கோபமாக இருந்து பேசாத நாட்களில்கூட இது மட்டும் நடக்கும். முதலில் அந்தப் பக்கம் ஒரு டக், அப்புறம் இந்தப் பக்கம் ஒரு டக்.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே ஏதோ ஒன்று மெதுவாக வந்தது, வயிற்றின்மேல் இறங்கியது, இடுப்பருகே டக்கென்றது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். போலாமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். என் பெல்ட் மாட்டியிருந்தது. அந்தப் பக்கத்து பெல்ட்டும் மாட்டியிருந்தது. சும்மா மாட்டியிருந்தால் அது சீட்டில் ஒட்டிக் கிடக்க வேண்டும் அல்லவா? ஒட்டிக் கிடக்கவில்லை. சீட்டிலிருந்து ஒரு சாண் முன்னால், வளைந்து, காற்றில் நின்றது. லில்லி குள்ளம், கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. சரியாக அந்த அளவுக்கு நின்றது.

இரண்டு வருஷமாக நான் கேட்டது இதைத்தான். ஒரே ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன். வந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? என் பெல்ட்டின் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன், அது கல்லாக இருந்தது. “சேகர்! சேகர்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் மனைவியைப் பார்த்து நான் பயந்துவிட்டேன்.

சேகர் ஓடி வந்து கதவைத் திறந்தான். ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பிப் பார்த்தான், அசையவில்லை. “இது எப்படி அங்கிள் உள்ள போச்சு?” என்று கேட்டுக்கொண்டே கத்தியை எடுத்து என் பெல்ட்டை அறுத்தான். நான் விழுந்தடித்து இறங்கினேன். அப்போதுதான் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தான். அந்த பெல்ட் இன்னும் காற்றில் அப்படியே நின்றது. “முருகா” என்று மட்டும் சொன்னான். என் பக்கத்துக் கதவை மெதுவாகச் சாத்தினான்.

“வாங்க அங்கிள், வீட்டுல விட்டுர்றேன்.”

வாங்கி வந்த தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. விளக்கை அணைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டினான். மழை நிற்கக்கூடக் காத்திருக்காமல் அவன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை நான் போய் நின்ற பிறகுதான் சேகர் ஷட்டரைத் திறந்தான். சாவி அவனிடம் மட்டும்தான் இருக்கிறது, ராத்திரி அந்தப் பக்கமே வரவில்லை என்று குலதெய்வத்தின்மேல் ஆணையிட்டுச் சொல்கிறான். காரில் என் பெல்ட் அறுந்த மாதிரியே தொங்கியது. லில்லியின் பெல்ட் அறுபடவில்லை. அது பூட்டிலிருந்து கழன்று, கதவோரத் தூணில் தன் இடத்தில் ஒழுங்காகச் சுருண்டிருந்தது. சேகர் அதை இழுத்து நாக்கைப் பூட்டில் குத்திப் பார்த்தான். நுனிகூட நுழையவில்லை.

லாரிக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ரொம்ப நாள் வச்சிருந்த கார் போல என்றார். ஆமாம் என்றேன். காரை ஏற்றிக் கட்டி, பெரிய ரோட்டில் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டுகிற சீட்டில் யாரும் இல்லை.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். நானே நினைவில்லாமல் பெல்ட் போட்டிருப்பேனாம், வயசாகிறதாம். சேகர், மழை ஈரத்தில் சேறு இளகியிருக்கும் என்கிறான், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. இருக்கட்டும். பெல்ட் எப்படி மாட்டியது என்று நான் இப்போது யோசிப்பதில்லை. அது எப்படிக் கழன்றது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எங்கே போய் நிறுத்தினாலும் நான்தான் முதலில் இறங்குவேன். நான் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் லில்லி தன் பெல்ட்டைக் கழற்றுவாள். அன்றைக்கும் நான்தான் முதலில் இறங்கினேன், கதவும் சாத்தியாயிற்று. அப்படியானால் எனக்குப் பின்னால் அவளும் இறங்கியிருக்கிறாள். இருட்டில், பூட்டிய பட்டறைக்குள், அவ்வளவு மழையில். தனியாக இருக்க அவளுக்குப் பயம். நானோ சேகரின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.