முதல் அலசல் தண்ணீர்

எங்கள் பங்குக் கோயிலில் அவளைக் கஞ்சியம்மா என்றுதான் எல்லாரும் அழைத்தார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவுக்கு அவள் மேற்பார்வையாளர். அறுவைக் கூடத்து விரிப்புகளும் நோயாளிகளின் போர்வைகளும் மலையாகக் குவிந்து கிடக்கும் அந்த ஈரக் கூடத்தில், கொதிகலனின் ஆவிக்கு நடுவே, அவளுடைய வெள்ளை மேலங்கி மட்டும் மடிப்புக் குலையாமல் விறைத்து நிற்கும். துணிக்குக் காய்ச்சும் கஞ்சியில் பாதியை அவள் தன் முதுகெலும்புக்கு ஊற்றிக்கொள்கிறாள் என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் அவள் சிரிப்பை உதட்டோரத்தில் மடித்து வைத்துக்கொள்வாள், விரித்துக் காட்டமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவளுக்குக் கடைசிப் பெஞ்சின் ஓரம். நற்கருணை நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எழுந்து எல்லாரும் பீடத்தை நோக்கி நடப்பார்கள். அவள் எழமாட்டாள். உள்ளே இருப்பவர்கள் வெளியே செல்ல வசதியாக இரண்டு முழங்கால்களையும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வாள். அவர்கள் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மறுபடியும் திருப்பிக்கொள்வாள். பதினான்கு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. சற்று உள்பக்கம் தள்ளி உட்கார்ந்தால் இந்தச் சங்கடம் இல்லையே என்று ஒருமுறை நான் கேட்டேன்.

“ஒளிஞ்சு உக்கார நான் ஒண்ணும் திருடலையே, டீச்சர்” என்றாள்.

அப்பம் வாங்கத் தடை வரும்படி அவள் செய்த குற்றம் மறுமணம். முதல் திருமணம் கோயிலில், பீடத்தின் முன்னே நடந்தது. அந்த மனிதன் நான்கு ஆண்டுகள் ஒழுங்காக இருந்தான். பிறகு கை நீட்டத் தொடங்கினான். பிறகு வேறொரு பெண்ணுடன் வேறோர் ஊருக்குப் போய்விட்டான். நாட்டுச் சட்டம் அவளுக்கு விடுதலை அளித்தது. திருச்சபையோ, கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்றது. ஒரே ஒரு வழி இருந்தது. திருமண நாளன்றே அவன் வஞ்சக மனத்தோடு நின்றான் என்று மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் காட்டிவிட்டால், அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவித்துவிடுவார்கள். விசாரித்த குருவானவர் அவளுக்கு உதவத்தான் நினைத்தார். பதிலைக் கேள்விக்குள்ளேயே பொதிந்து வைத்துக் கேட்டாராம். இவளோ, “அன்னைக்கு நல்லாத்தான் இருந்தார் ஃபாதர். அப்புறந்தான் கெட்டுப்போனார்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த உண்மையோடு வழக்கு முடிந்தது. அவளுடைய தமக்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் அதற்குப் பிறகுதான் வந்தார். மருத்துவமனையில் துணி வண்டிகளை மேலே ஏற்றும் லிஃப்ட் வாரம் தவறாமல் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிடும். அதைச் சரிசெய்ய வருகிற மெக்கானிக் அவர். எந்தக் கோயிலுக்கும் போகாதவர். யாரையும் நோகப் பேசாதவர். கிரீஸ் படிந்த கையோடு வெள்ளை விரிப்புகளின் பக்கம் வந்தால் அவள் சீறுவாள். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, போலீசிடம் சிக்கியவரைப் போல நடந்து போவார். பதிவு அலுவலகத்தில் மாலை இல்லாமல், மோதிரம் இல்லாமல் இருவரும் கையெழுத்திட்டார்கள். என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே குடிவந்தார்கள். பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த வீட்டிலிருந்து உரத்த குரல் கேட்டதில்லை. அந்த வாழ்க்கைக்குத்தான் எங்கள் மறைக்கல்வி நூலில் விபசாரம் என்று பெயர்.

கோயிலில் வாசகம் வாசிப்பவர்களின் வரிசையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். பாடகர் குழுவிலும் இடமில்லை என்றார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் கையில் ஒரு துணிப்பையோடு அவள் வீட்டுப் படியேறினார். கிண்ணம் துடைக்கும் துணிகளிலும் அப்பத்தின் அடியில் விரிக்கும் சதுரத் துணிகளிலும் திராட்சை இரசக் கறை ஏறிப் பழுப்பாகிவிட்டதாம். வேறு எவராலும் அதைப் போக்க முடியவில்லையாம். வாங்குவதற்குத்தான் தடை, வெளுப்பதற்குத் தடையில்லை என்று பழைய பங்குத்தந்தை சொல்லியனுப்பியிருந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

அந்தத் துணிகளை வெளுப்பதற்கு ஒரு முறை உண்டு. அப்பத்தின் துகளோ இரசத்தின் துளியோ இழையில் ஒட்டியிருக்கலாம். அது ஆண்டவருடைய உடலும் இரத்தமும் ஆகும். ஆகவே சோப்புப் படுமுன் வெறும் நீரில் ஒருமுறை அலசி, அந்த நீரைச் சாக்கடையில் சேரவிடாமல், கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். கோயிலில் அதற்கென்று இருந்த குழி அடைபட்டுப் பல காலமாகிவிட்டது. எங்கள் கட்டடத்தின் பின்புறம், என் சமையலறைச் சன்னலுக்கு நேரே, கைக்குட்டை அகலத்துக்குக் கொஞ்சம் மண்ணும் அதில் ஓர் எலுமிச்சை மரமும் இருந்தன. ஒவ்வொரு வாரமும் அவள் மூடி போட்ட கூஜாவில் அந்த நீரைக் கொண்டுவந்து மரத்தின் வேரில் ஊற்றுவாள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பாள். துணிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது உபதேசியார் தவறாமல் கேட்பார்: “மண்ணுலதானேம்மா ஊத்தின?” அவளும் தவறாமல், “மண்ணுலதான்” என்பாள்.

லிஃப்ட்காரருக்கு இது தீராத வேடிக்கை.

“ஏன் கஞ்சி, இந்த மரம் ஞானஸ்நானம் வாங்கியிருக்கா? வாராவாரம் இதுக்குக் கிடைக்குது. உனக்குக் கிடைக்கலையே.”

ஒரு நாள் அவர் அந்த மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்துப் பிழிந்து குடித்துவிட்டு, தாமும் வாங்கியாயிற்று என்று மீசையைத் துடைத்துக்கொண்டார். அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பூசைக்கு முன் எதையும் உண்ணாமல் இருக்கும் விதியையும் அவள் விடாமல் கடைப்பிடித்தாள். சாப்பிடப் போகாத விருந்துக்கு எதற்குப் பட்டினி என்று அவர் கேட்பார். கேட்டுவிட்டுத் தம்முடைய காப்பியையும் குடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்து அவளைக் கோயிலில் கொண்டுபோய் விடுவார். பூசை முடியும்வரை வெளியே மதிற்சுவரில் உட்கார்ந்திருப்பார். “நான் வெளிய இருக்கிற வெளியாள். நீ உள்ள இருக்கிற வெளியாள். அவ்வளவுதான் வித்தியாசம்” என்பார்.

போன ஆண்டு அவருடைய நுரையீரல் பழுதுபட்டது. கடைசி மாதங்களில் மாடி ஏற முடியாமல், வாழ்நாளெல்லாம் பிறருக்கு லிஃப்டைச் சரிசெய்து கொடுத்தவர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவரைப் பொதுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். கோயிலிலிருந்து உபதேசியார் மட்டும் வந்து ஓரமாக நின்றார்.

சில வாரங்கள் கழித்துப் புதிய பங்குத்தந்தை ஆறுதல் சொல்ல வந்தார். இளையவர், இனிமையானவர். நானும் அங்கே இருந்தேன். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல செய்தி கொண்டுவந்தவரின் முகத்தோடு அவர் பேசினார்.

“அம்மா, இனிமே உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்ல.”

“எதுக்கு ஃபாதர்?”

“நற்கருணைக்குத்தாம்மா. நல்லா ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டீங்கன்னா, இந்த ஞாயித்துக்கிழமையே நீங்க வாங்கலாம்.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவர் செத்ததால எனக்குத் தடை நீங்கிடுச்சு. அப்படித்தானே?”

அப்படிப் பார்க்கக் கூடாது என்று அவர் தடுமாறினார். என்ன பாவத்தைச் சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் கோப்பைக்குள் பார்த்தபடி, அந்த வாழ்க்கையை, என்றார்.

அவர் போன பிறகு அவள் அவருடைய கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

“அடிச்சுட்டு ஓடினவன் புருஷன். கூடவே இருந்தவர் பாவம். இதைப் பதினாலு வருஷம் பொறுத்துக்கிட்டேன் டீச்சர். இப்ப இதை என் வாயாலேயே சொல்லணுமாம்.”

தமக்கை தொலைபேசியில் அழைத்தாள். மறுநாள் நேரிலேயே வந்துவிட்டாள். இதற்குப் போய் யாராவது யோசிப்பார்களா என்பது அவள் கட்சி.

“வாயால சொல்றதுக்கு என்னடி? மனசுக்குள்ள நீ எதை வேணா வச்சுக்கோ. எனக்கு ரெண்டு பிள்ளையோட ஏன் நின்னுச்சுன்னு நெனச்ச? வருஷா வருஷம் பாவம்னு சொல்லி மனஸ்தாபப்பட்டேன், வருஷா வருஷம் அந்தக் கருத்தடை மாத்திரையும் முழுங்கினேன். எந்த ஃபாதர் என்னை வெளிய நிறுத்தினார்?”

“உனக்கு அது பொய்யின்னு தெரியாதாக்கா?”

“தெரியும். கடவுளுக்கும் தெரியும். அவருக்கே தெரிஞ்சதை நீ ஏன் பெரிசு பண்ற?”

கஞ்சியம்மா கையிலிருந்த துணியை நான்காக மடித்தாள். “நம்பிக்கை இல்லாதவளா இருந்தா நானும் இந்நேரம் பொய் சொல்லிட்டு உள்ள போயிருப்பேன். நம்பித் தொலைக்கிறேனே” என்றாள்.

வேறொரு சபையைச் சேர்ந்த பெண்கள் இருவர் செய்தி அறிந்து வந்தார்கள். தங்களிடம் இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை, வந்த நாளிலேயே அப்பம் தருவோம் என்றார்கள். அப்பத்தின் அடியில் விரிக்கும் துணிகளை எப்படி வெளுப்பீர்கள் என்று அவள் கேட்டாள். அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. சாதாரணமாகத்தான், இயந்திரத்தில் போட்டுவிடுவோம், என்றார்கள். அவள் நன்றி சொல்லி வழியனுப்பினாள். அவர்கள் தருவது ரொட்டி. அவளுக்கு வேண்டியது ரொட்டியன்று. அதைத் தருகிற ஒரே இடத்திலோ விலை லிஃப்ட்காரர்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவள் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற, நடுவே வலையடித்த மரக்கூண்டுக்குப் போய் முழந்தாளிட்டாள். உள்ளே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். அந்த இரகசியம் கேட்ட குருவைத்தான் கட்டும், சொன்னவளைக் கட்டாது. சலவைக் கூடத்துப் பெண்களைக் கடிந்துகொண்டது, தமக்கையின் மீது எரிச்சல் கொண்டது, நோயாளியாய்க் கிடந்தவர் சன்னலைத் திறக்கச் சொன்னபோது முகம் சுளித்தது என எல்லாவற்றையும் சொன்னாளாம். வலைக்கு அப்பாலிருந்து, வேறு என்ன, என்று கேட்டார் குருவானவர். வேறொன்றும் இல்லை என்றாள். அவர் அந்த வாழ்க்கையை நினைவூட்டினார். செய்ததற்கு மனஸ்தாபம் இல்லாமல் தம்மால் மன்னிப்பு அளிக்க இயலாது என்றார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னாராம்.

“ஒரு நாள்கூடவா நீங்க வருத்தப்படல?”

“பட்டேன் ஃபாதர். அவர் முதல்லேயே வந்திருக்கக் கூடாதான்னு.”

 பிறகு, உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று மட்டும் அவர் சொன்னார். பாவமன்னிப்பு இல்லாமல் அவள் எழுந்து வந்தாள்.

அந்த வாரத்துத் துணிகள் ஏற்கெனவே அவள் வீட்டில் இருந்தன. திங்கட்கிழமை காலை என் கதவைத் தட்டி, தன்னோடு ஓரிடம்வரை வரமுடியுமா என்று கேட்டாள். கையில் அந்தக் கூஜா இருந்தது. பேருந்தில் அதை என் மடியில் வைத்து, “ரெண்டு கையாலேயும் பிடிச்சுக்கோங்க டீச்சர். ஒரு சொட்டு சிந்தக் கூடாது” என்றாள். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒருவர் இடித்தபோது கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டேன். அதற்குள் அது என்ன நீர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொதுக் கல்லறையில் அவருக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண் மேடு மட்டும் இருந்தது. சுற்றிலும் செங்கல் வரிசை. அவள் தலைமாட்டில் குனிந்து, மூடியைத் திறந்து, மெல்ல ஊற்றினாள். மண் உடனே குடித்துவிட்டது. கூஜாவைக் கவிழ்த்துக் கடைசித் துளியும் விழும்வரை பிடித்திருந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். “பறிச்சுப் பிழிஞ்சு குடிக்க வேண்டாம். இந்தாங்க” என்று சொன்னாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அதன்பின் வீட்டுக்கு வந்து, துணிகளைச் சோப்பிட்டு, வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து, வழக்கம்போல ஒன்பது சதுரம் வரும்படி மடித்தாள். மாலையில் கோயிலில் உபதேசியாரிடம் ஒப்படைக்கும்போதும் நான் உடன் இருந்தேன். முதியவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு கறையும் இல்லை.

“முதல் தண்ணிய மண்ணுலதானேம்மா ஊத்தின?”

“மண்ணுலதான்.”

“யாரும் மிதிக்காத மண்ணுதானே?”

“யாரும் மிதிக்க மாட்டாங்க” என்றாள்.

அவர் அடுத்த வாரத்துப் பையை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்காத குறையாகச் சற்றே விரித்துக் காட்டிவிட்டு, படியிறங்கி நடந்தாள். அவர் வெகுநேரம் பையை நீட்டியபடியே நின்றார்.

இப்போது துணிகள் வேறெங்கோ போய் வருகின்றன. கறை லேசாகத் தெரிகிறது. கடைசிப் பெஞ்சில் இருப்பவர்கள் எவர் முழங்காலையும் தாண்டாமல் நேராக வெளியே வந்து பீடத்துக்குச் செல்கிறார்கள். கோயிலின் கதவு அவளுக்கு எப்போதும் திறந்திருக்கிறது என்று பங்குத்தந்தை என்னிடம் சொல்லியனுப்புகிறார். நானும் போய்ச் சொல்கிறேன். அவள் கேட்டுக்கொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் புறப்படுமுன் அவளுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அவள் கோப்பையை வாங்கி மேசையின்மேல் வைத்து, அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தாள்.

“பூசை முடியட்டும் டீச்சர்” என்றாள்.