ஸப்னா ஓடுவதற்கு ஓர் இடம்

எங்கள் சாய்ந்தமருதில் பெண்குழந்தை பிறந்த வீட்டில், வாப்பாவின் கண் முதலில் போவது வீட்டைச் சுற்றிய வளவில் எஞ்சியிருக்கும் வெறும் மண்ணின் மேல்தான். மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். இந்த வழக்கத்தைக் குறை சொன்னால் ஊரில் எனக்கு நல்ல பேர் கிடைக்காது. ஆனாலும் நஜ்லாவின் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

நஜ்லா மூன்று பெண்களில் கடைசி. மூத்தவள் வளவின் முன்பக்கத்தை எடுத்தாள், அடுத்தவள் கிணற்றடியை எடுத்தாள், இவளுக்குப் பின்பக்கம். இவள் வீடு எழும்பியபோது மாமரம் போயிற்று, கோழிக்கூடு போயிற்று, இரண்டு பேர் நின்று கதைக்க இருந்த இடமும் போயிற்று. மிஞ்சியது மோட்டார் சைக்கிளை உள்ளே எடுக்க மட்டும் போதுமான ஒரு சீமெந்துப் பாதை. அந்த வீட்டில்தான் ஸப்னா பிறந்தாள். கணவன் பர்ஸான் கட்டாரில் வேலை செய்கிறான்.

ஸப்னா நடக்கத் தொடங்கியதே பிந்தித்தான். நடந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், டைல்ஸில் வழுக்கி விழுவாள், பிறகு இருந்த இடத்திலேயே இருந்துவிடுவாள். கிளினிக்கில் தாதி றஞ்சிதமலர் மிஸ்ஸி பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு நஜ்லாவை ஏசினார்.

"பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. வெளிய விட்டு ஓட விடுங்க. ஊட்டுக்குள்ளயே பூட்டி வெச்சா கால் எப்பிடி உரம் கொள்ளும்?"

வெளியே என்றால் எங்கே? நஜ்லா முதலில் ஒழுங்கைக்குக் கூட்டிப் போனாள். ஓட்டோ ஒன்று பிள்ளையின் சட்டையை உரசிக்கொண்டு போனதோடு அது முடிந்தது. அடுத்தது கடற்கரை. முதல் நாள் நானும் கூடப் போனேன். மணலில் இறக்கிவிட்டதும் ஸப்னா இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு வீரிட்டு அழுதாள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு மண் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸப்னா பழகிக்கொண்டுதான் வந்தாள். அதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? புருசன் வெளிநாட்டில், இவளுக்குப் பின்னேரமானால் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்டார்கள். முன்வீட்டு மூத்த ராத்தாவே வந்து சொன்னாள்.

"நீ புள்ளக்காகத்தான் போற எண்டு எனக்குத் தெரியும். மத்த ஆக்களுக்குத் தெரியுமா? நிப்பாட்டுகா."

நஜ்லா நிப்பாட்டினாள். ஊருக்குப் பதில் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை. எனக்கும் இருந்ததில்லை, அதனால் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

மிச்சம் இருந்தது வீட்டின் மேல்தட்டு. என்றைக்கோ மேலே கட்டலாம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் விடுவதுபோல், தூண்களில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. நஜ்லா ஒவ்வொரு கம்பிக்கும் பழைய தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து மூடினாள். மீன்காரரிடம் கிழிந்த வலை வாங்கி நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாள். வீடு கட்டி மிஞ்சிய மண்ணை வாளி வாளியாகப் படியேற்றிக் கொட்டினாள். என்ன பைத்தியக்கார வேலை இது என்று நான் கேட்டதற்கு, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

ஸப்னா ஓடினாள். விழுந்தாள், எழும்பினாள், சிரட்டையில் மண் அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டாள். வெயில் தாழ்ந்ததும் அந்தப் பிள்ளை சிரிக்கும் சத்தம் என் குசினியில் அடுப்படி வரை கேட்கும். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸி பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாராம்.

நோன்பு கழிந்த கையோடு பர்ஸான் போனில் சொன்னான், மேலே வேலையைத் தொடங்கலாமென்று. ஸப்னாவுக்கான வீடு. நஜ்லா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"அவளுக்கு இன்னும் ரெண்டு வயசும் முடியல்ல. கொஞ்சம் பொறுத்துச் செய்வமே. அவ ஓடித் திரியிற இடம் அதுதானே."

"சாமான் வெல ஏறிக்கிட்டே போகுது நஜ்லா. எனக்கு வேல இருக்கக்கொள்ளயே முடிக்கணும். நான் இஞ்ச வெயில்ல காயிறது யாருக்கு? அவளுக்குத்தானே?"

அவனும் பொய் சொல்லவில்லை.

வீடு கட்டும் கலந்தர் மேசன் ஆட்களோடு வந்தார். வலையை அறுத்துச் சுருட்டினார்கள், போத்தல்களைக் கழற்றி எறிந்தார்கள். மண் நல்ல மண் என்று சொல்லி, அப்படியே சீமெந்தோடு சேர்த்துக் குழைத்தார்கள். நஜ்லாவின் இடுப்பில் இருந்த ஸப்னா இரண்டு கையையும் நீட்டி "மண்ணு, மண்ணு" என்று கத்தினாள்.

"அழாத மகள், ஒனக்குத்தான் ஊடு கட்டுறம்" என்றார் மேசன்.

"அவ ஊடு கேக்கல்ல மேசன் காக்கா. ஓடுறதுக்குத்தான் கேக்கிறா" என்றாள் நஜ்லா. மேசன் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

அவள் பிள்ளையோடு கீழே இறங்கினாள். மேலே கம்பியும் பலகையுமாகக் கிடந்தன, பிள்ளை ஏறிப்போனால் ஆபத்து. மேசனின் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு, படிக்கட்டுக் கதவில் ஸப்னாவின் கை எட்டாத உயரத்தில் ஒரு கொளுக்கி அடித்துத் தரச் சொன்னாள்.