உப்புத் தேவாலயத்துக்கு ஒரு கோப்பு

என் மனைவி பார்க்க விரும்பியது பாரிஸையோ சுவிட்சர்லாந்தையோ அல்ல. போலந்தில், தரைக்கு வெகு கீழே, உப்புப் பாறையைக் குடைந்து செய்த ஒரு தேவாலயத்தை. அவள் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர். பீடம், புனிதர் சுரூபங்கள், தரை எல்லாமே உப்பு என்று படித்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை.

செம்பூர் மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் தம்பி கேட்டான்: “உப்பு பாக்கவா அவ்ளோ தூரம் போறிய, அத்தான்? விக்ரோலி பக்கம் ஒரு சக்கர் அடிச்சா உப்பளம் தெரியுமே!”

“அங்க பூசை வைக்க முடியாதுல்லா, போ லே,” என்றாள் மனைவி.

சிக்கல் அவளுடைய வலது முழங்காலில் இருந்தது. மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலமே அதற்கு ஆகாது; அந்தத் தேவாலயம் இருக்கும் உப்புச் சுரங்கத்திலோ இறங்க நூற்றுக்கணக்கான படிகள். லிஃப்ட் ‘தேவைப்படுவோருக்கு’ உண்டு என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். தேவையை எப்படி நிரூபிப்பது என்று போடவில்லை. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு ஒரு கோப்பு திறக்க அந்த இடைவெளி போதும். எலும்பு மருத்துவரின் சான்றிதழ், எக்ஸ்ரே, போலிஷ் மொழிபெயர்ப்பு, எல்லாவற்றுக்கும் மூன்று நகல். குர்லா நோட்டரி, “முழங்காலுக்கு அஃபிடவிட் இதுதான் முதல் தடவை, காகா,” என்று மராத்தியில் சித்தப்பா முறை வைத்துச் சொல்லிக்கொண்டே முத்திரை குத்தினார்.

“லிஃப்ட்ல விடலைன்னா?” என்று விமானத்தில் மூன்று முறை கேட்டாள்.

“மேல்முறையீடு செய்யலாம்,” என்றேன். கோப்பைத் திறந்து நகல்களை இன்னொரு முறை எண்ணினேன்.

சுரங்க வாசலில் கவுன்டரில் இருந்த பெண் என் கோப்பைத் தொடவில்லை. மனைவியின் கைத்தடியைப் பார்த்தாள். லிஃப்ட் பக்கம் கை காட்டினாள். அவ்வளவுதான். முத்திரைகளையாவது பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். “உங்களுக்கும் முழங்கால் வலியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். எனக்குப் படிகள்.

நான் இறங்கிச் சேர்ந்தபோது மனைவி உப்புப் பீடத்தின் முன் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “படியிலயா வந்தீய? முதல்லயே சொன்னா நானும் நடந்திருப்பேம்லா,” என்றாள்.

அப்பட்டமான பொய். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாலும், பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக இருந்தது.