மச்சாளின் தயிர்ச்சட்டி

என் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு மண்சட்டி இருக்கிறது. அடுப்பே காணாத, வாய் ஓரம் ஒரு பக்கம் உடைந்த தயிர்ச்சட்டி. கதிரை போட்டு ஏறினால் ஒழிய என் கைக்கு எட்டாது. எட்டக்கூடாது என்றுதான் அங்கே வைத்தேன். எறியவும் மனம் வரவில்லை, கண்ணெதிரே வைத்திருக்கவும் பொறுக்கவில்லை. போன கிழமை ஒருதரம் தவிர, வருசப்பிறப்புக்கு வீடு கழுவும்போது மட்டும் இறக்கித் தூசு துடைத்து மறுபடி ஏற்றிவிடுவேன். அது என் கணவருடைய மச்சாளின் சட்டி.

மச்சாள் என்றால் தூரத்து முறை அல்ல, சொந்த மாமன் மகள். சிறு வயதிலேயே இவருக்கென்று பேசி வைத்த பெண். பிறகு இவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை கிடைத்தது. என் அப்பா கச்சேரியில் அரசாங்கக் கிளாக்கர். பாலையூற்றில் வீடும் வளவும் எனக்குச் சீதனம். கல்யாணப் பேச்சு என் பக்கம் மாறிவிட்டது. மச்சாள் கந்தளாய்ப் பக்கத்தில் வயல் செய்கிற ஒரு கமக்காரரைக் கட்டி, சீக்கிரமே அவரை இழந்து, எருமைகளோடு தனியே இருந்தாள். பேச்சு மாறியதற்காக அவள் ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்காதது. வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். எங்கள் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறி, சரிந்து கிடந்த என் கொண்டைப்பூவைத் தன் கையாலேயே சரிசெய்துவிட்டுப் போனவள் அவள். அந்தப் பூ காயும்வரை எனக்குத் தலை குறுகுறுத்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், மா தட்டுப்பட்டுப் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில், இவருக்குக் காலில் அடிபட்டது. தாங்கியின் ஏணியில் துருப்பிடித்த படி ஒன்று உடைந்து, முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. புண் மேலே ஆறி, உள்ளே எலும்பில் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் மாதக்கணக்கில் விழுங்கவேண்டிய குளிசைகளைத் தந்தார். நோவுக்கு வேறு குளிசை. “இதை இடையில நிப்பாட்டினால் காலை எடுக்க வேண்டி வரும்,” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். காலை எடுத்தால் தாங்கியில் யார் ஏறுவது?

கால் தேறத் தேற வயிறு கெட்டது. நோக்குளிசை நெஞ்சுக்குக் கீழே எரித்தது. மற்றக் குளிசை வயிற்றோட்டமாக ஓடியது. வாயெல்லாம் வெடிப்பு. கொழுத்த மனிதர் கொடிக்கயிறு போலானார். நானும் எனக்குத் தெரிந்த பத்தியமெல்லாம் பார்த்தேன். நோயாளிக்கு மெத்தென்று இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சவ்வரிசிக் கஞ்சி வைத்தேன். பாணின் கரையை வெட்டி எறிந்துவிட்டு உள்ளிருக்கும் வெள்ளையை மட்டும் ஊறவைத்துக் கொடுத்தேன். மரக்கறியை அவித்து மசித்து, துணியில் வடித்து, சக்கையை வளவில் கொட்டினேன். சக்கையைத் தின்ற பக்கத்துவீட்டு ஆடு கொழுத்தது, இவர் மெலிந்தார். ஒருநாள் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, “இனி ஏலாது. கால் போனாப் போகட்டும், இதை நிப்பாட்டப் போறன்,” என்றார்.

எப்படித்தான் கேள்விப்பட்டாளோ, அந்த வாரமே மச்சாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு கையில் வாழையிலையால் வாய் கட்டிய தயிர்ச்சட்டி, மறு கையில் தவிடு நீக்காத குரக்கன் தானிய மா. வந்தவள் நேரே குசினிக்குள் போய் என் கஞ்சிக் கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தாள்.

“என்ன தங்கச்சி, பல்லு முளைக்காத பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி எல்லாத்தையும் வடிச்சு வைச்சிருக்கிறீர்? குடலுக்கும் வேலை வேணுமெல்லோ?”

என் குசினி, என் கிண்ணம், என் புருசன். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நல்லகாலம், டொக்டர் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. “அக்கா, இந்தக் குளிசைக்குப் பால் சாமான் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்,” என்றேன். இனி என்ன செய்வாய் பார்ப்போம் என்று நின்றேன். உள்ளேயிருந்து இவருடைய குரல் வந்தது. எழும்ப முடியாத மனிதருக்கு அதற்கு மட்டும் தெம்பு இருந்தது. “குளிசையோட சேத்துக் குடிக்கக் கூடாது எண்டுதான் சொன்னவர். ரெண்டு மூண்டு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாமாம். கொண்டு வாங்கோ மச்சாள்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மச்சாளின் ஆட்சி. வாரத்தில் இருமுறை அவள் வருவாள், அல்லது தெரிந்த பஸ் கொண்டக்டரிடம் சட்டியைக் கொடுத்தனுப்புவாள். காலையில் தவிடு போகாத குத்தரிசிக் கஞ்சி, அது இறங்கியபின் குளிசை. பொழுது ஏறியதும் தயிர். மத்தியானம் குரக்கன் புட்டு, முருங்கையிலை, வாழைப்பொத்தி. முதலில் கொஞ்சமாகத்தான்; வயிறு கேட்கக் கேட்கக் கூட்டினாள். சமைத்தது நான்தான். ஆனால் வயிற்றோட்டம் குறைந்து, எரிவு தணிந்து, இவர் கதிரையில் எழும்பி உட்கார்ந்து வருகிறவர்களிடம் சொன்னது ஒரே வசனம்: “என்ர மச்சாளின்ர தயிர்தான் என்னை எழுப்பினது.” பாணுக்கு வரிசையில் நின்ற கால்கள் என்னுடையவை. பீச்சட்டி கழுவிய கைகள் என்னுடையவை. அவற்றைப் பற்றி வசனம் ஒன்றும் இல்லை. அவருக்கு வயிற்றில் எரிந்தது தணிந்தது, எனக்குப் பற்றிக்கொண்டது.

சும்மா இருந்தேனா? கடைத்தெருவில் பேர்போன கிண்ணியா ஊர்த் தயிர் வாங்கிக் கொடுத்தேன். கரண்டியைக் குத்தினால் நிற்கிற தயிர். ஒரு வாய் வைத்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. மச்சாளின்ர மாதிரி இல்லை,” என்றார். பிறகு மச்சாளின் சட்டியடியிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து, பக்கத்துவீட்டுப் பசுப்பாலில் உறை ஊற்றி நானே தயிர் போட்டேன். அவளுடைய உறை, என் கை. அதற்கும் அதே தீர்ப்பு. நான் விடவில்லை. அவர் தொடாவிட்டால் என்ன, ஒவ்வொரு நாளும் முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப்பாலில் விட்டு, மிச்சத்தை மோராக்கி நானே குடித்தேன். என்றைக்காவது என் தயிர் அவளுடையதை வெல்லும் என்று ஒரு நப்பாசை. போட்டியில் ஓடுகிறவள் நான் மட்டும்தான் என்பது தெரிந்தும் ஓடினேன்.

இப்படி இருக்கையில் ஒரு வாரம் சட்டி வரவில்லை. இவர் வயிறு மறுபடி கலங்கியது. நிறுத்தப் போகிறேன் என்ற பழைய பேச்சும் திரும்பியது. வார முடிவில், பின்னேரப் பஸ்ஸில், மச்சாளே வந்தாள். இலையை அவிழ்த்தாள். உள்ளே பால் திரியவும் இல்லை, உறையவும் இல்லை; நீர்த்த பாலாகவே கிடந்து கெட்ட மணம் மணத்தது.

“எத்தினை தரம் ஊத்தியும் உறையுதில்லை தங்கச்சி. கிடந்த பழைய உறை முழுக்க அதுக்குள்ள விட்டே முடிஞ்சுது. ஊரில எல்லாரும் கண்ணூறு எண்டு சொல்லுகினம்.”

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அவள் என்னைக் குறித்துச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு முதுகில் வியர்த்தது. அந்தச் சட்டியை நான் பார்த்த பார்வைக்குப் பாறையே பிளந்திருக்கும்; பால் எம்மாத்திரம்? உண்மையைச் சொன்னால், பயத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. இத்தனை நாளாய் ஒன்றுக்கும் உதவாத என் வயிற்றெரிச்சலுக்கு இவ்வளவு பலமா என்று.

அந்தப் பெருமையையும் அவளே கெடுத்தாள். தேத்தண்ணி குடித்தபடி, எருமை ஒன்றுக்கு மடி வீங்கியதையும், மாட்டு டொக்டர் மடிக்குள் மருந்து ஏற்றியதையும் சொன்னாள். “மருந்து எண்டால் மருந்து. ரெண்டு நாளில வீக்கம் வத்திப் போச்சு. அந்தப் பாலையும் மற்றப் பாலோட சேத்துத்தான் ஊத்தினனான். வீணாக்க மனம் வரேல்லை.”

என் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். மருந்து ஏறிய பால் உறையவில்லை. மடியின் சீழைக் கொன்ற மருந்து உறையையும் கொன்றிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே படுத்திருக்கும் இவருடைய வயிற்றில் மட்டும் அந்தக் குளிசை என்ன செய்துகொண்டிருக்கும்? அங்கேயும் ஏதோ ஓர் உறை இருந்து, அது செத்துப்போய்த்தானே சோறு சோறாகத் தங்காமல் ஓடியிருக்கிறது? செத்த அந்த உறையை மறுபடி ஊற்றியதுதானோ மச்சாளின் தயிர் போய்ச் செய்த வேலை? இந்த எண்ணம் என்னுடையது. மச்சாளுடையது அல்ல. எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

“அக்கா, மருந்து ஏத்தின எருமையின்ர பாலைக் கொஞ்ச நாளைக்கு நிலத்தில ஊத்துங்கோ. மற்றப் பால் உறையும்,” என்றேன்.

“உறையிறதுக்கு உறை வேணுமே. என்னட்டை ஒரு சொட்டும் இல்லை.”

“இவவட்டை இருக்கு,” என்றார் இவர் உள்ளேயிருந்து. “ஒவ்வொரு நாளும் போடுறவ.” என் தயிரைத் தொடாத மனிதருக்கு அது எந்த மூலையில் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்போது நான் சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டேன். விளக்கு வைத்தபிறகு உப்பும் உறையும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. போனால் வீட்டு லட்சுமியும் கூடப் போய்விடுவாள். எங்கள் பகுதியில் இதை மீறி யாரும் கேட்பதில்லை. மச்சாளும் கேட்கவில்லை. விளக்கைப் பார்த்தாள், வெறும் சட்டியைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “நான் விடிய வாறன் தங்கச்சி,” என்றாள். கந்தளாயிலிருந்து விடிய வந்து, திரும்பிப் போய், பால் கறந்து, உறைய வைத்து, அது இங்கே வந்து சேர இன்னும் எத்தனை நாள்? உள்ளே இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுகிற சத்தம் கேட்டது. கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

வழக்கம் என் பக்கம் நின்றது. வாயைத் திறக்காமலே அவளை வெறுங்கையோடு அனுப்பியிருக்கலாம். நான் சாமி படத்தடிக்குப் போனேன். பூவால் திரியை அமர்த்தி விளக்கை அணைத்தேன். இருட்டிவரும் குசினியில் தடவித்தடவி என் தயிரில் பாதியை அவள் சட்டியில் போட்டேன். “இது உங்களுக்கில்லை, அவருக்கு,” என்றேன். அவள், “ஓம், தெரியும்,” என்றாள். அவள் வாசல் படலையைத் தாண்டியபிறகுதான் மறுபடி விளக்கை ஏற்றினேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எருமைக் கதையை டொக்டரிடம் சொல்லி, “இவரின்ர வயித்திலயும் அப்பிடித்தானோ?” என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “ஓம். குடலுக்குள்ள நல்ல கிருமியும் இருக்கு. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. தயிர் அதுகளுக்குக் கைகுடுக்கும். தவிடு, கீரை, நாருள்ள சாமான்தான் அதுகளின்ர சாப்பாடு. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேக்காது, இவருக்குக் கேக்குது. விடாதேங்கோ. குளிசையையும் விடாதேங்கோ.” பிறகு சிரித்துக்கொண்டு, “இதெல்லாம் ஆர் கண்டுபிடிச்சது?” என்றார். நான் வாய் திறப்பதற்குள் இவர் சொன்னார்: “என்ர மச்சாள், டொக்டர்.”

அந்த வசனத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

குளிசை முடியும்வரை தயிர் வந்தது. கால் தப்பியது. இவர் மறுபடி தாங்கியில் ஏறினார். கடைசியாக வந்த சட்டியை மச்சாள் திருப்பி எடுக்கவில்லை. “இது இஞ்சயே இருக்கட்டும். என்னட்டை இருந்த உறை செத்துப் போச்சு. நீர் வைச்சிருந்ததுதான் பிழைச்சுது,” என்றாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. தோற்றவள் போலப் பேசிவிட்டு வென்றுகொண்டு போகிற பேச்சு அது. சட்டியின் வாய் உடைந்தது அன்று நான் அதைக் கழுவி வைத்த வேகத்தில்தான்.

சில வருடங்களில் மச்சாள் காய்ச்சலில் போய்விட்டாள். செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? அவள் தயிரில் இனி ஒருநாளும் புளிப்பு ஏறாது, தண்ணீர் விடாது. இவர் என் தயிரைத்தான் உண்டார். ஆனால் “மச்சாளின்ர மாதிரி இல்லை” என்பது மெல்ல மெல்ல “மச்சாளின்ர மாதிரியே இருக்கு” என்று மாறியது. அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பட்டம் அதுதான்.

இப்போது அவருக்கு மூட்டு நோவு. மறுபடி நோக்குளிசை, மறுபடி எரிவு, மறுபடி கஞ்சியும் குரக்கனும். போன கிழமை நான் வழக்கமாக உறை ஊற்றும் பாத்திரம் ஓட்டையாகிவிட்டது. கதிரை போட்டு ஏறி மச்சாளின் சட்டியை இறக்கினேன். கழுவிக் காயவைத்து, விளக்கு வைப்பதற்கு முன்னே உறை ஊற்றினேன். மறுநாள் தயிர் கட்டியாக, மண்வாசத்தோடு இருந்தது. சட்டியோடு கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உண்டார். வழித்து உண்டார். நான் அந்த வசனத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

“நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் போடும்,” என்றார். அவ்வளவுதான். மச்சாளின் பெயர் வரவில்லை.

எத்தனை வருடம் இதற்காக ஏங்கியிருப்பேன்! சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பொத்துக்கொண்டு கோபம் வந்தது, அவளுக்காக. கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, “ஏனப்பா, இது மச்சாளின்ர சட்டி எண்டு தெரியேல்லையோ?” என்று நானே கேட்டேன்.