ஏழாவது கட்டம்

இலுப்பூர் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த குழந்தைசாமி, தன் இடது கையில் பூசிப் பார்க்காமல் எந்தக் களிம்பையும் அடுத்தவருக்குக் கொடுத்ததில்லை. முழங்கைக்குக் கீழே எளிதில் அழியாத காப்பியிங் பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பக்குவம் பூசி, பதினைந்து நாள் வெயிலிலும் வியர்வையிலும் திரிவான். கூட இருந்த அக்கா முத்துமாரிக்கு அதில் தாங்க முடியாத பெருமை. அஞ்சாவது வரைதான் படித்தவள். ஆனால் எந்தக் கட்டத்தில் மெழுகு எத்தனை பங்கு, எண்ணெய் எத்தனை பங்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

முகத்துக்குப் பூசும் பட்டணத்து ஸ்நோ குளிர்ந்த ஊருக்கென்று செய்தது என்பான் குழந்தைசாமி. இங்கே சித்திரையில் அது வியர்வையோடு வெள்ளைக் கோடாய் வழிந்தது. மார்கழிக் காற்றில் தோலை இன்னும் இழுத்தது. நாளெல்லாம் செம்மண் காட்டில் நிற்கிற பெண்களுக்கு முகம் வெடிக்காமல் இருந்தால் போதும் என்று, தேன்மெழுகும் எண்ணெயும் கற்றாழைச் சாறும் சேர்த்துப் பார்த்தான். ஐந்து கட்டம் வீணாயிற்று. ஐம்பத்தேழாம் வருஷம் ஆறாவது கட்டத்தில் ஒரு களிம்பு அமைந்தது. சித்திரைக்கு மெழுகு கூடுதல், மார்கழிக்கு எண்ணெய் கூடுதல்.

வாங்க வந்தவர்களுக்குக் கவலை வேறு.

"வெடிப்பு கெடக்கட்டும் மாரி, வெளுக்குமா?" என்றாள் எதிர்வீட்டு ராக்காயி. அவள் மகள் செங்கமலத்தை வைகாசியில் பொன்னமராவதியில் கொடுப்பதாகப் பேச்சு. "ஒந்தம்பி மருந்த எங்க எருமைக்குப் பூசுனாலும் அது எருமையாத்தான் நிக்கும் போல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தது முத்துமாரிக்குச் சுருக்கென்று தைத்தது.

குளிக்கிற மாவில் கார்போகரிசி விதை சேர்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பச்சைப்பிள்ளைக்கும் தேய்ப்பார்கள், தோல் பளபளக்கும். தம்பி வேலைக்குப் போன பிறகு அதை இடித்து, மூன்று தரம் சலித்து, ராக்காயிக்கு எடுத்துவைத்த டப்பியில் மட்டும் குழைத்தாள். மாவைக் கழுவிவிடுகிறோம், களிம்போ வெயிலிலும் முகத்திலேயே கிடக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

செங்கமலம் அதைப் பூசிக்கொண்டு வெயிலில் கடலை பிடுங்கப் போனாள். மூன்றாம் நாள் முகமெல்லாம் கொப்புளம். அது அடங்கியபோது இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு.

"அக்கா, டப்பில என்னத்தக் கலந்த?" மிச்சத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குழந்தைசாமி கேட்டான்.

சொன்னாள்.

அவன் திட்டவில்லை. கையில் ஏழாவது கட்டம் போட்டு, டப்பி மிச்சத்தைப் பூசி வெயிலில் நின்றான். அங்கேயும் கொப்புளம் கண்டது. பிறகு நேராக எதிர்வீட்டுக்குப் போய், "பக்குவம் தப்புனது என்னாலதான் சின்னாத்தா," என்றான்.

பெண்ணைப் பார்க்க வந்த பொன்னமராவதிக்காரர்கள், ஆடி கழியட்டும் என்று போனவர்கள் போனவர்கள்தான். டாக்டரிடத்தில் அவன் கட்டிக் கொடுத்த மருந்துப் பொட்டலத்தை வாங்கக்கூட ஊரில் கை நீளவில்லை.

ஆவணியில் முத்துமாரி பொறுக்கமாட்டாமல் ராக்காயி வீட்டுக்குப் போனாள்.

"சின்னாத்தா, அது நான் செஞ்ச வேல. கார்போகரிசியப் போட்டது நாந்தான். அவனுக்குத் தெரியாது."

ராக்காயி முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "தம்பியக் காப்பாத்த வந்துட்டியாக்கும். அவனே ஒத்துக்கிட்டான். ஒம்பெரும எங்களுக்குத் தெரியாதா? போ அங்கிட்டு."

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செங்கமலம் முந்தானையைக் கன்னம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது, குழந்தைசாமி களிம்புச் சட்டியைச் சுடுதண்ணீரில் போட்டு, மெழுகுப் பிசுக்குப் போகத் தேய்த்துக்கொண்டிருந்தான். முழுக்கைச் சட்டை நனைந்து மணிக்கட்டில் சொட்டியது. ஏழாவது கட்டத்தை மறைத்த சட்டைக்கையை அவன் மடித்துவிடவில்லை.